குட்டி போட்ட திட்டம்

மனைவி அந்தச் செய்தியைச் சொன்னபோது புரோக்கர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அப்பா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார், குடியிருப்பைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், இனிமேல் நம்மோடுதான் இருப்பார், முன்னறையை ஒழித்துக் கொடுத்துவிடலாம். இவ்வளவையும் அவள் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். புரோக்கர் சிரித்தார். அதுக்கென்ன, நம்ம வீடுதானே என்றார். வெண்ணெய் மட்டும் ரொட்டியைத் தாண்டி உள்ளங்கைக்குப் போய்விட்டது.

அவர் பழைய கார் வாங்கி விற்பவர். துருவை அனுபவம் என்பார். கதவு மூடவில்லை என்றால் காற்றோட்டம் என்பார். பிரேக் பிடிக்குமா என்று யாராவது கேட்டால், நீங்கள் ஓட்டுகிற நிதானத்துக்கு பிரேக் எதற்கு என்று திருப்பிக் கேட்பார். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் அதே கொள்கைதான். மனைவி எது சொன்னாலும் முதலில் சரி. பிறகு அந்தச் சரியைச் சரிக்கட்ட வழி தேடுவார்.

இந்த முறை சரிக்கட்டியே ஆக வேண்டும். ஏனென்றால் முன்னறை என்பது வெறும் அறை இல்லை. தெருவைப் பார்த்த ஜன்னல், கால் நீட்ட நீளமான மேஜை, உள்ளே தாழ்ப்பாள். நாற்காலிக்குப் பதிலாக ஒரு வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய முன் சீட். சாய்த்தால் சாயும், நிமிர்த்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டு நிமிரும். அந்த அறைக்கு அவர் வைத்திருந்த பெயர் அலுவல் அறை. அங்கே நடந்த அலுவல் பெரும்பாலும் குறட்டை.

வரப்போகிறவரோ சிறை வார்டன். ஊரில் எல்லாரும் சிறையை மாமியார் வீடு என்று விளையாட்டுக்குச் சொல்வார்கள். புரோக்கருக்கு மட்டும் அது நிஜமாகவே மாமியார் வீடாக இருந்தது. மாமியார் காலமான பிறகு மாமனார் வீடு. பெண் பார்க்கப் போனதே மதில் சுவருக்கு உள்ளே இருந்த குடியிருப்புக்குத்தான். மாமனார் அதிகம் பேசமாட்டார். பார்ப்பார். ஒருமுறை வந்து ஒரு வாரம் தங்கியிருந்தபோது, குளியலறைப் பக்கம் நடந்த புரோக்கரைப் பார்த்து "எங்க?" என்றார். இதோ வந்துவிடுகிறேன் மாமா என்று புரோக்கர் துண்டைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். தன் சொந்த வீட்டில், தன் சொந்தக் குளியலுக்கு, சோதனைக்கு உட்பட்டுப் போய்விட்டு வந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம். நாய். கொலைகாரனைக் காதைப் பிடித்து அழைத்துப் போகிறவர், நாய் வருகிறது என்றால் எதிர்ப்பக்கத் தெருவுக்குப் போய்விடுவார். புரோக்கரின் கல்யாணத்தன்று மண்டப வாசலில் ஒரு தெருநாய்க் குட்டி வாலாட்டிக்கொண்டு வந்தது. பெண்ணின் தந்தை, அலங்கரித்து வைத்திருந்த கல்யாணக் காரின் கூரைமேல் ஏறி நின்றார். அந்தக் காரின் கூரையில் விழுந்த பள்ளத்துக்கும் பின்னாளில் புரோக்கர் ஒரு பெயர் கண்டுபிடித்து விற்றார் என்பது வேறு கதை.

ரொட்டியைக் கடித்துக்கொண்டே புரோக்கர் அந்தக் கூரையை நினைத்தார். அப்படியே திட்டமும் உதித்துவிட்டது.

அந்த வாரமே ஒரு வாடிக்கையாளர் அகப்பட்டார். குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர். காரை விற்க வந்தார். பின் சீட்டில், எனக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஒரு லேப்ரடார் பெண் நாய் உட்கார்ந்திருந்தது. மஞ்சள் நிறம், நல்ல வம்சம், அதைவிட நல்ல வயிறு. பெயர் சீமாட்டி. முறைப்படி பரிசோதனை எல்லாம் பார்த்து ஆண் நாயோடு சேர்த்த பிறகுதான் விசா வந்ததாம். எங்கே விடுவது என்று தெரியவில்லை என்று அவர் கண் கலங்கினார். புரோக்கரும் கூடவே கலங்கினார். ஆனந்தக் கண்ணீருக்கும் அதே நிறம்தான்.

சீமாட்டி வீட்டுக்குள் நடந்து வந்து, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்து, இருப்பதில் நல்ல கம்பளமாகத் தேர்ந்தெடுத்துப் படுத்தாள்.

"இது யாருங்க?" என்றாள் மனைவி.

"சீமாட்டி. பாவம், போக்கிடம் இல்லாத ஜீவன். எனக்கு மனசு கேக்கல."

"மாசமா இருக்கா போல."

"அப்படித்தான் சொன்னாங்க."

"அப்பாவுக்கு நாய்னா ஆகாதே. ஞாபகம் இருக்கா?"

புரோக்கர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அடடா. அது எனக்குத் தோணவே இல்லையே."

மனைவி வங்கியில் புகார்ப் பிரிவில் இருப்பவள். கார்டை நான் தொடவே இல்லை மேடம், பணம் தானாகப் போய்விட்டது மேடம் என்று வருகிற ஆட்களைக் காலையிலிருந்து மாலை வரை பார்த்துக்கொண்டிருப்பவள். அந்த ஆட்களை எவ்வளவு நேரம் பார்ப்பாளோ அவ்வளவு நேரம் புரோக்கரைப் பார்த்தாள். பிறகு, இருக்கட்டும், ஆனால் பிறக்கிற குட்டிகளை ஒழுங்காக வளர்க்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டு சீமாட்டிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். இவ்வளவு சுலபமாக எந்த வண்டியும் விலைபோனதில்லை என்று புரோக்கர் நினைத்துக்கொண்டார்.

மாமனாருக்கு அவரே போன் பண்ணினார். குரலைத் துக்க வீட்டுக் குரலாக மாற்றிக்கொண்டு, ஒரு சின்னச் சிக்கல் மாமா என்று ஆரம்பித்து, நாய், பிரசவம், குட்டிகள், எதுவும் என் கையில் இல்லை என்று முடித்தார். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, குடியிருப்பில் இன்னும் கொஞ்ச காலம் இருக்க அனுமதி கேட்டுப் பார்ப்பதாக மாமனார் மெல்லிய குரலில் சொன்னார். புரோக்கர் போனை வைத்துவிட்டு, முன்னறைக்குப் போய் சீட்டைச் சாய்த்து, மேஜைமேல் கால் நீட்டினார். ஒரு சாம்ராஜ்யம் காப்பாற்றப்பட்டது.

மறுநாளே சாம்ராஜ்யம் பறிபோனது.

சீமாட்டியை மனைவி கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். புரோக்கரையும்தான். டாக்டரம்மா சின்ன உருவம், பெரிய குரல். குட்டி பிறந்த முதல் சில வாரங்களில் எதைப் பார்த்துக் கேட்டு முகர்ந்து பழகுகிறதோ, அதெல்லாம் அதற்குச் சாதாரணமாகிவிடும், பழகாமல் விட்டதெல்லாம் ஆயுசுக்கும் பேய்தான் என்றார். ஆகையால் கொல்லையில், கொட்டகையில், டயர்களுக்கு நடுவில் வைத்து வளர்க்கிற எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள் என்றார். புரோக்கருக்கு இருந்தது அந்த எண்ணம்தான். வெளிச்சம் வேண்டும், குளிர்காற்று படக்கூடாது, வீட்டு நடமாட்டம் தெரிய வேண்டும், தேவைப்பட்டால் கதவை மூடவும் முடிய வேண்டும், அப்படி ஓர் அறை இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார்.

"எங்க வீட்ல அப்படியெல்லாம்..." என்று புரோக்கர் இழுத்தார்.

"இருக்கு டாக்டர்" என்றாள் மனைவி.

கார் சீட் கூடத்துக்கு வந்தது. மேஜைப் பலகை பிரசவப் பெட்டியானது. தாய் தாண்டிப் போகிற உயரம், குட்டி தாண்ட முடியாத உயரம். தாய் புரண்டு படுத்தால் குட்டி நசுங்காமல் இருக்க உள்பக்கம் சுற்றிலும் ஒரு கட்டை. எல்லாம் டாக்டரம்மா சொன்ன அளவு. ஆணி அடித்தது புரோக்கர். பாதி ஆணி பலகைக்கு, பாதி கட்டைவிரலுக்கு. அவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். நாய்களுக்குக் கொடுத்தது குத்தகை. மாமனாருக்குக் கொடுத்தால் அது கிரயம்.

குட்டிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுத் தூக்கம் கண்ணைக் கட்டுகிற நேரம் பார்த்துப் பிறந்தன. புரோக்கர் கூடத்துச் சீட்டில் சாய்ந்திருந்தார். மனைவி வந்து துண்டை மடியில் போட்டு, எழுந்திருங்கள், உங்கள் பொறுப்பு வந்துகொண்டிருக்கிறது என்றாள். கறுப்பாக ஒன்று, மஞ்சளாக ஒன்று, மறுபடி கறுப்பு, மறுபடி மஞ்சள், இன்னொரு மஞ்சள். சீமாட்டி ஒவ்வொன்றையும் நக்கித் துடைத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். கடைசியில் வந்த பழுப்பு நிறக் குட்டி மட்டும் அசையவில்லை. சீமாட்டி களைத்துப்போய் அதைப் பார்த்தாள். மனைவி அதை எடுத்துப் புரோக்கர் கையிலேயே வைத்துவிட்டு, டாக்டரம்மாவுக்கு போன் போட்டாள். டாக்டரம்மா போனிலேயே சொல்லச் சொல்ல, புரோக்கர் வாயைத் துடைத்து, தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, துண்டால் முதுகைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். எந்த வண்டியையும் அவர் இவ்வளவு மன்றாடி ஸ்டார்ட் பண்ணியதில்லை. ஒரு கட்டத்தில் அது கீச்சென்றது. மனைவி அவர் முகத்தைப் பார்த்தபோது, கண்ணில் வியர்க்கிறது என்றார்.

அதற்குப் பிறகு அவர் திட்டத்தை மறந்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். திட்டம் பத்திரமாக இருந்தது. அதன்மேல் ஆறு குட்டிகள் ஏறிப் படுத்திருந்தன, அவ்வளவுதான்.

வளர்ப்பு என்றால் பால் குடித்துத் தானாக வளரும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். டாக்டரம்மா வேறு மாதிரி நினைத்திருந்தார். தினமும் ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியாகக் கையில் எடுக்க வேண்டும், பாதத்தைத் தொட வேண்டும், காதைப் புரட்ட வேண்டும், வாயைத் திறந்து பார்க்க வேண்டும். கண் திறந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததும் வழவழத் தரை, சொரசொர மிதியடி, புல், தகரம் என்று விதவிதமாக நடக்கவிட வேண்டும். மிக்ஸியைத் தூரத்தில் ஓட்டி, பிறகு பக்கத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். தட்டைக் கீழே போட வேண்டும். வீட்டில் தட்டைக் கீழே போட்டுத் திட்டு வாங்காமல் இருந்தது புரோக்கரின் இல்லற வாழ்வில் அதுதான் முதல் தடவை.

பயந்தால் இழுக்கக் கூடாது, அதட்டக் கூடாது. பயப்படுகிற பொருளைத் தூரத்தில் வைத்து, குட்டி தானாக நெருங்கும்வரை பொறுத்திருந்து, நெருங்கியதும் தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். இதை டாக்டரம்மா சொன்னபோது புரோக்கர் கொட்டாவி விட்டார். மனைவி கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு மனிதர்கள். கண்ணாடி போட்டவர், தொப்பி வைத்தவர், தாடிக்காரர், குடை பிடித்தவர், கனமான பூட்ஸ் போட்டவர் என எல்லா மாதிரியும் பழக வேண்டுமாம். அத்தனை பேருக்கு எங்கே போவது? மனைவி புரோக்கரையே பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் மாலை அவர் மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, ஒட்டுத் தாடியோடு குடை விரித்து முன்னறைக்குள் ஊன்றி ஊன்றி நடந்தார். குட்டிகள் இரண்டே நாளில் பழகிவிட்டன. ஜன்னல் வழியாகப் பார்த்த தெருதான் பழகவில்லை.

அதைவிடப் பெரிய அவமானம் மாடிவீட்டில் காத்திருந்தது. அங்கே ஒரு டிரம்பெட்காரர் குடியிருந்தார். கச்சேரிக் குழுவில் வாசிப்பவர். சாதகம் பண்ணுவதெல்லாம் வீட்டில். அந்தச் சத்தத்தை எதிர்த்துப் புரோக்கர் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியிருக்கிறார். துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டியிருக்கிறார். இப்போது குட்டிகள் பெரிய சத்தத்துக்குப் பழக வேண்டும் என்று மனைவி அவரையே மேலே அனுப்பினாள். டிரம்பெட்காரர் முழுவதையும் கேட்டார். மறுபடி ஒருமுறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். காது கேட்காமல் இல்லை, கேட்க இனிமையாக இருந்ததாம். பிறகு இறங்கி வந்து முன்னறை வாசலில் நின்று மெதுவாக ஆரம்பித்து, போகப் போகத் தன் மனக்குறையை எல்லாம் அதில் ஊதித் தீர்த்தார். ஐந்து குட்டிகள் அவர் காலடியில் வந்து உட்கார்ந்தன. பழுப்புக் குட்டி மட்டும் சீமாட்டியின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது.

அந்தக் கடைக்குட்டிக்கு எல்லாமே பயம். புதிய ஆள் என்றால் பயம், புதிய வாளி என்றால் பயம், தன் வாலே திடீரென்று அசைந்தால் பயம். புரோக்கருக்கு இது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. தன் கையில் உயிர் பிடித்த குட்டி ஒரு வாளிக்குப் பயப்படுவதாவது. தொழிலுக்குப் போகாமல் அதன் பக்கத்தில் தரையில் படுத்துப் பேசிப் பார்த்தார். அது அவரைப் பார்த்து வாலாட்டும். மூன்றாவது மனிதரைக் கண்டால் அவர் சட்டைக்குள் போய்விடும்.

அப்போதுதான் மனைவி, இதற்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும் என்றும், டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டதாகவும், ஞாயிறுதோறும் காரில் கொஞ்ச தூரம் அழைத்துப் போய் வருவதாகவும் சொன்னாள். புரோக்கருக்குப் பெருமை தாங்கவில்லை. கார் என்றால் அது அவர் ராஜ்ஜியம். ஒரே வண்டியில் போகாதே, ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு குலுக்கல், எல்லாம் பழகட்டும் என்று வாரம் ஒரு வண்டி கொடுத்தார். பெட்ரோலும் போட்டுக் கொடுத்தார். கூடையில் மெத்தை விரித்துக் கொடுத்தார். கேட் வரை வந்து கை காட்டினார். எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. மனைவி போனால் ஞாயிறு மதியம் தூங்கலாம் என்பது காரணமாக இருக்கலாம்.

இடையிடையே மாமனாருக்கும் போன் போட்டு, பயம் ஆறிப்போகாமல் சூடுபடுத்தி வைத்தார்.

"குட்டிங்க நல்லா வளந்துடுச்சு மாமா. பல்லு ஒண்ணொண்ணும் ஊசி."

"அப்படியா?"

"சீமாட்டி வேற, புது ஆள்னா சமயத்துல உறுமுறா. எனக்கே கொஞ்சம் உதறலாத்தான் இருக்கு."

"அப்படியா மாப்பிள்ளை?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் போனுக்குள்ளிருந்து ஒரு குட்டியின் முனகல் கேட்டது. முன்னறைச் சத்தம் போனில் எதிரொலிக்கிறது என்று புரோக்கர் நினைத்துக்கொண்டார். மலிவான போன்.

கடைக்குட்டி மாறத் தொடங்கியது. வாளியை முகர்ந்தது. டிரம்பெட்காரரின் செருப்பைக் கவ்வியது. போய்விட்டு வந்தால் அதன் மேல் பூட்ஸ் பாலிஷ் வாசனை அடிக்கும். சாயங்காலம் ஆனால் அண்ணன் அக்காமார்களிடம் ஒவ்வொருவராகப் போய் முகர்ந்து, எல்லாரும் இருக்கிறார்கள் என்று உறுதி பண்ணிக்கொண்ட பிறகு கதவோரம் போய்ப் படுக்கும். பார்த்தீர்களா, தலைமைக் குணம், எல்லாம் என் வளர்ப்பு என்று புரோக்கர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். டாக்டரம்மாவிடமே போய், பயந்த குட்டியை மாற்றுவது எப்படி என்று அவர் விளக்கினார். டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தாள்.

குட்டிகள் தாயை விட்டுப் பிரியும் பருவம் வந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வியாபாரம் என்றதும் புரோக்கர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஆனால் இங்கே முறை தலைகீழ். வாங்க வருகிறவர்களை மனைவி கேள்வி கேட்டாள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், எங்கே படுக்கும், யார் வெளியே அழைத்துப் போவார்கள். ஒரு கிடங்கு முதலாளி வந்தார். பெரிய மனிதர், பெரிய மோதிரம். கிடங்கு வாசலில் சங்கிலி போட்டுக் கட்டிவைக்க ஒரு குட்டி வேண்டும், ஆள் பழக்கமே இல்லாமல் முரடாக வளர்க்க வேண்டும், சொல்லுங்கள் விலையை என்றார். பேசிக்கொண்டே கடைக்குட்டியைப் பிடரியைப் பிடித்துத் தூக்கினார். அது கத்தவில்லை. புரோக்கரைத்தான் பார்த்தது.

மனைவி வாயைத் திறப்பதற்குள் புரோக்கர் குட்டியை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

"முடியாதுங்க" என்றார்.

அந்தச் சொல் வெளியே வந்துவிட்டதை அவராலேயே நம்ப முடியவில்லை. கிடங்குக்காரர் அவரிடம் வழக்கமாக லாரி வாங்குகிறவர். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவரோடு லாரி வியாபாரமும் போனது. மனைவி சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டு, அவருக்கு டாக்டர் தடுத்திருந்த சர்க்கரையைத் தாராளமாகப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து குடித்தார்கள். நல்ல வேலை பண்ணினீர்கள் என்று அவள் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சேர்த்து வைத்திருந்த பாராட்டுகளில் இதற்குத்தான் கனம் அதிகம். மற்றவை அதிகம் இல்லை.

ஒரு கறுப்புக் குட்டி மாடிவீட்டுக்குப் போனது. டிரம்பெட்டுக்கு இனி துணைக்குரலும் உண்டு என்று அர்த்தம். மற்ற நான்கும் நல்ல வீடுகளுக்குப் போயின. ஒவ்வொன்று போகும்போதும் புரோக்கருக்குக் கண்ணில் வியர்த்தது. கடைக்குட்டி மட்டும் மிஞ்சியது. அதற்கு ஏற்கெனவே ஓர் இடம் பார்த்துவிட்டதாக மனைவி சொன்னாள். பெரியவர் ஒருத்தர், பொறுப்பானவர், டாக்டரம்மாவே நேரில் போய்ப் பேசித் திருப்திப்பட்டுவிட்டாராம்.

"அந்தாளை நான் பாக்கணும். சங்கிலி கிங்கிலி போடற ஆளா இருந்தா?"

"ஞாயித்துக்கிழமை வராரு. நீங்களே கேட்டுக்குங்க."

அந்த ஞாயிறு காலை புரோக்கர் பிரசவப் பெட்டியைப் பிரித்தார். பலகையை மறுபடி மேஜையாக்கினார். தரையைக் கழுவினார். சீட்டைத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டார். யோசித்துப் பார்த்தால் எல்லாம் கணக்காகத்தான் முடிந்திருந்தது. குட்டிகள் போய்விட்டன. சீமாட்டி இங்கேயே இருக்கப்போகிறாள். சீமாட்டி இருக்கிறவரை ஒரு மனிதர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். மனைவியும் அப்பா பேச்சை எடுத்து வெகு நாளாகிறது. காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். கண்ணை மூடினார்.

கேட் திறந்தது. வாடகை வண்டியிலிருந்து முதலில் ஓர் இரும்புப் பெட்டி இறங்கியது. பிறகு ஒரு படுக்கைச் சுருள். பிறகு பாலிஷ் போட்ட பூட்ஸ். பூட்ஸுக்கு மேலே மாமனார்.

புரோக்கர் பாய்ந்து எழுந்தார். சீட் நிமிர நேரம் எடுத்துக்கொண்டதால் பாதி வழியில் தடுமாறி, வாசலுக்கு ஓடினார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சீமாட்டி இருக்கிறாள். அவளுக்கு வழி விட்டுக் கதவை நன்றாக விரியத் திறந்தார். பதறுகிற குரலில், பார்த்து மாமா, நாய் வருகிறது என்றார். சீமாட்டியும் தன் பங்குக்குக் குரைத்துக்கொண்டு படியிறங்கினாள். மாமனார் நின்றார். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்தது. உதடு காய்ந்தது. புரோக்கர் வாடகை வண்டியின் கூரையைப் பார்த்தார். ஏறுவதற்கு வசதியான வண்டிதான்.

அப்போது புரோக்கரின் கால்களுக்கிடையில் புகுந்து பழுப்பு நிறத்தில் ஒன்று ஓடியது. கடைக்குட்டி நேராகப் போய் மாமனாரின் இடது பூட்ஸ்மேல் ஏறி உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி அவரைப் பார்த்தது. மாமனார் குனிந்து பார்த்தார். மூச்சை இழுத்து விட்டார். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்துக் குட்டியின் தலையில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, மதில் சுவர் தாண்டிக் கேட்கிற பழைய குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"உக்கார்."

சீமாட்டி உட்கார்ந்தாள். கடைக்குட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. புரோக்கர் வாசற்படியில் உட்கார்ந்திருந்ததை அவரே கொஞ்சம் பொறுத்துத்தான் கவனித்தார்.

"உங்களை இல்ல மாப்பிள்ளை" என்றார் மாமனார். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

இரும்புப் பெட்டி முன்னறைக்குப் போனது. கழுவி, மேஜை போட்டு, காற்றோட்டமாக, தயாராக இருந்தது அறை. மாமனார் மேஜைப் பலகையைத் தட்டிப் பார்த்து, சீட்டைச் சாய்த்துப் பார்த்து, மாப்பிள்ளை தனக்காக இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம் என்று மகளிடம் சொன்னார். கடைக்குட்டி அந்தச் சீட்டிலேயே ஏறிச் சுருண்டது.

சமையலறையில் புரோக்கர் மனைவியைப் பிடித்தார். அவள் அப்பாவுக்குத் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் ஞாயிறு கூடையை அப்பா வீட்டு ஹாலில் ஒரு மூலையில் வைத்தாளாம். அப்பா இன்னொரு மூலையில், நாற்காலிமேல். குட்டியும் அவரைப் பார்த்து நடுங்கியது, அவரும் குட்டியைப் பார்த்து நடுங்கினார். யாரையும் இழுக்கவில்லை, யாரையும் அதட்டவில்லை. கொஞ்சம் நெருங்கினால் குட்டிக்கு ஒரு துண்டு பிஸ்கட், அப்பாவுக்கு ஒரு முழு பிஸ்கட். போன வாரம் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் தூங்கினார்களாம்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றார் புரோக்கர்.

"எது?"

"நான் ஏன் நாயைக் கொண்டாந்தேன்னு."

"தோணவே இல்லையேன்னு நெஞ்சுல கை வெச்சீங்களே, அப்பவே. உண்மையா மறந்தவங்க தலையிலதாங்க கை வெப்பாங்க."

புரோக்கருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னறையிலிருந்து தாழ்ப்பாளைச் சோதித்துப் பார்க்கிற சத்தம் ஒருமுறை, மறுபடி ஒருமுறை கேட்டது. அவர் தோள் தானாகக் குறுகியது. மனைவி அதைக் கவனித்தாள். தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தவள், வாசலில் நின்று, புகார்தாரருக்குப் பதில் சொல்கிற அதே இதமான குரலில் சொன்னாள்:

"மாமனார்கிட்ட உங்களுக்கு இருக்கற பயம் போறதுக்கும் ஏதாவது வழி இருக்கான்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேங்க. குட்டியிலேயே கொண்டுவந்திருக்கணுமாம்."